அறுபது வரியை ஒன்பதாக்கியவன்

கணினிக்கு அக்கா எழுதிய ஸ்கிரிப்ட் எடுத்த எடுப்பில் வேலையைச் செய்யாது, கேள்வி கேட்கும். எந்த ஃபோல்டர்? அதில் இத்தனை கோப்புகள் இருக்கின்றன, உண்மையாகவே அழிக்கவோ? ‘ஓம்’ என்று தட்டினால்தான் அசையும். கறுப்புத் திரையில் அந்தக் கேள்வி நிற்பதைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம்; வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் அக்கா. வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர்களின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களை ஸ்கேன் செய்து ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுப்போம். வேலை முடிந்தவர்களின் பிரதிகளை வெள்ளிதோறும் கணினியிலிருந்து அழிக்க வேண்டும். தட்டச்சு வேலைக்குச் சேர்ந்த அக்கா, தானாகவே படித்து, அதற்காக அறுபது வரியில் அந்த ஸ்கிரிப்டை எழுதியிருந்தார். அழிக்கும் வேலையைச் செய்வது இரண்டே வரி. மிச்சமெல்லாம் தட்டிய கட்டளையை வாசிப்பதும் சரிபார்ப்பதும். நான் கணினி படித்துவிட்டு வந்தவன், தலைக்கனத்துக்குக் குறைவில்லை. கட்டளையை வாசிக்கும் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் லைப்ரரி ஒன்றை, அதாவது வேறு யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரலை, பிடித்து, ஒரே மத்தியானத்தில் ஒன்பது வரியாக்கினேன். லைப்ரரி மிச்சம் பிடித்தது இருபது வரிதான். மற்றதை, அந்தக் கேள்வியையும் சேர்த்து, நான்தான் வெட்டினேன். ஃபோல்டர் பெயர் தராவிட்டால் அப்போது திறந்திருக்கும் ஃபோல்டரையே எடுத்துக்கொள் என்று, சோதித்துப் பார்க்கும் வசதிக்காக ஒரு சொல்லைப் போட்டேன். பிறகு அதை எடுக்க மறந்தேன்.

“கேக்காமலே அழிக்குமோ, தம்பி?” என்றார் அக்கா.

“கேட்டுக்கொண்டே இருந்தா அது என்ன ஸ்கிரிப்ட், அக்கா?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும்தான்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, அவர் கட்டளையைத் தட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அந்த அவசரத்தில் ஃபோல்டர் பெயரைத் தட்டாமலே என்டரை அழுத்திவிட்டார். பழைய ஸ்கிரிப்ட் என்றால் பெயரைக் கேட்டு நின்றிருக்கும். என்னுடையது அப்போது திறந்திருந்த பொது ஃபோல்டரை எடுத்து, எல்லோருடைய கோப்புகளையும் அழித்தது, அடுத்த கிழமை தூதரகத்துக்குப் போக இருந்தவர்களுடையதையும். பாதுகாப்புக்காக எடுத்துவைத்த மாற்றுப் பிரதியில் அதற்கு முந்தைய மாதம் வரைதான் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மறுபடி பத்திரத்தோடு வந்த ஒரு தகப்பன் வாசலில் நின்று கத்தினார்.

முதலாளி ஒன்றுதான் கேட்டார்: “ஆர் தட்டினது?”

“நான்தான்,” என்றார் அக்கா.

ஆர் எழுதினது என்று அவர் கேட்கவில்லை. கேட்காவிட்டால் எனக்கு வாயில்லையா? வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். திங்கட்கிழமை அக்காவின் கதிரை வெறுமையாக இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் இருந்த இடத்தில் நான் இன்னும் நாலு வருடம் வேலை பார்த்தேன், நல்ல பெயரோடு.

போன மாதம் அவரைப் பாமன்கடைப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் கண்டேன். இப்போது எங்கே வேலை என்று கேட்டேன்.

“அதுக்குப் பிறகு கொம்பியூட்டர் தொட்டதில்லை, தம்பி. என்ர கை நிதானமில்லாத கை எண்டு விளங்கிப்போச்சு. வீட்டில சமைச்சு பார்சல் குடுக்கிறன்.”

அது உங்கள் பிழையில்லை அக்கா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்டைக்கு எல்லாரும் என்னை ஏசினவை. நீர் ஒருத்தர்தான் ஒரு வார்த்தை சொல்லேல்லை. அதை நான் மறக்கேல்லை.”

திறந்த வாயை மூடிக்கொண்டேன். மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.