அப்பாவின் சந்தேகக் காது

அப்பாவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப்பேரையாவது அப்பா ஒருமுறை சந்தேகப்பட்டிருப்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்; பெற்ற மகள் என்னையே விட்டுவைத்ததில்லை.

அப்பா நாசரேத்தில் வாத்தியார் வீட்டில் பிறந்தார்கள். சிறுவயதிலேயே தகப்பனை இழந்து, கஷ்டப்பட்டு மெக்கானிக்கல் படித்து, தம்பிமாரைக் கரையேற்றி, தூத்துக்குடியில் ஒரு சிமெண்ட் அரவை ஆலையில் பராமரிப்பு இன்ஜினியராக இருந்தார்கள். அரவை மில்லின் ராட்சத உருளையைச் சுற்றவைக்கும் பல்சக்கரங்கள்தான் அவர்கள் பொறுப்பு. பல்லில் நீலச் சாயம் தடவி, மெல்லச் சுற்றவிட்டு, எதிர்ப்பல்லில் அது சீராக ஒட்டுகிறதா என்று பார்ப்பார்கள். அந்த நீலம் நகக்கண்ணை விட்டுப் போனதே இல்லை. ஞாயிறு ஆராதனைக்கும் அதோடுதான் வருவார்கள்.

கண்ட்ரோல் ரூம் திரை ‘நார்மல்’ என்று காட்டினால் போதும், அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிடும். இரும்புக் கம்பியின் ஒரு முனையை கியர்பாக்ஸில் ஊன்றி, மறுமுனையைக் காதோடு ஒட்டிக் கேட்பார்கள். ஒருமுறை அப்படிக் கேட்டுவிட்டு மில்லையே நிறுத்திவிட்டார்கள். திறந்து பார்த்தால் ஒன்றுமில்லை. மேலதிகாரி குதிகுதியென்று குதித்தாராம். “ஒண்ணும் இல்லன்னு தொறந்து பாத்தாத்தான சார் தெரியும்” என்றார்களாம் அப்பா.

வீட்டிலும் அதே கதைதான். மீன்காரம்மா சத்தியமே செய்தாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் விடமாட்டார்கள். “இவுகளக் கட்டுனதுக்கு ஒரு போலீஸ்காரனக் கட்டியிருக்கலாம்” என்று அம்மா தினமும் சண்டைக்கு நிற்பார்கள்.

சென்ற ஆண்டு அப்பாவுக்குக் கல்லீரலில் கட்டி. முற்றிவிட்டது என்று டாக்டர் எங்களிடம் மட்டும் சொன்னார். அப்பாவிடம் வெறும் வயிற்றுப் புண் என்றோம். அன்றோடு அம்மா சண்டையை நிறுத்திவிட்டார்கள். சர்க்கரை நோயாளிக்குச் சீனி போட்ட காப்பி, அதுவும் கேட்ட நேரத்தில்! அப்பா தம்ளரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். “ஏளா, சரக்கு இல்லாம மில்லு ஓடுனா ஒரு சத்தம் வரும். நம்ம வீடு இப்ப அப்படித்தான் ஓடுது. உங்கம்மா ஏன் என்னய ஏசவே மாட்டேங்கா? என்னத்த மறைக்கிய?”

அதற்குமேல் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா நகக்கண்ணில் இருந்த நீலத்தைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார்கள்.

“சரி. அவள வழக்கம்போல ஏசச் சொல்லு. இப்படி இருந்தா எனக்குப் பயமா இருக்குளா.”

கூடவே இருந்து ஜெபித்த சபையாருக்கும், ரத்தம் கொடுத்த ஆலை நண்பர்களுக்கும், அப்பாவின் அத்தனை கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் சொன்ன டாக்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எல்லாருக்கும் மேலாக அம்மாவுக்கு. கடைசி நாள் காலையிலும், “மாத்திரையக்கூட மோந்து பாத்துத்தான் முழுங்கணுமா?” என்று சத்தம் போட்டார்கள். அப்பா நிம்மதியாகக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.