ஏழாம் நம்பர் மலை போட்ட பீப்

பிரிண்டர் "பீப்" என்று கத்தியது. ரிப்பன் கோளாறு என்று நினைத்து மூடியில் ஒரு தட்டு தட்டிவிட்டு, தாளைக் கிழித்துக் கணக்கப்பிள்ளை ராசையாவிடம் கொடுத்தேன். இரண்டாயிரத்தின் தொடக்கம்; இலங்கை மலையகத்தில் கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் நான் என்று தோட்டமே நம்பியது. நானும் நம்பினேன்.

அந்தத் தாளைப் பார்த்துத்தான் காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில் கொழுந்து எடுக்கும் பெண்களை மலைக்கு அனுப்புவார்கள். அன்றைக்கு அப்பர் டிவிஷன், ஏழாம் நம்பர் மலை. டிவிஷனுக்கும் நம்பருக்கும் நடுவே சாய்கோடு போடுவது தோட்டத்து வழக்கம். கீபோர்டில் அந்த விசை பனி ஈரத்தில் செத்துப்போயிருந்ததால், எதிர்ப்பக்கம் சாயும் பேக்ஸ்லாஷைப் போட்டு Upper\7 என்று பெர்ல் புரோகிராமில் எழுதியிருந்தேன். இரண்டும் கோடுதானே!

அந்த வரி ஒற்றை மேற்கோளுக்குள் இருந்தது. அதற்குள் இருப்பது அப்படியே அச்சாகும். அதனால் தேதி வரவேண்டிய இடத்தில் $date என்றே வந்துகொண்டிருந்தது.

"புது மேனேஜர் தொர பேருங்களா இது?" என்று ராசையா தினமும் கேட்பார். ரோஷம் வந்து, பீப் கேட்டதற்கு முந்தின நாள் இரட்டை மேற்கோளாக மாற்றினேன். மறுநாள் தாளில் தேதி அழகாக விழுந்தது.

ராசையா பெரட்டு முடித்துத் திரும்பினார்.

"நம்பரே போடலியே ஐயா. முழு டிவிஷனும்னு நெனச்சு ஆளப் பிரிச்சு அனுப்பிட்டேன். மூணாம் நம்பருக்கும் ஒரு கூட்டம் போயிருக்கு."

"மூணுலயா? அங்க புல்லு சாக விஷ மருந்து அடிக்கிறாங்க! தொர நேத்து சாயந்தரம்தான் எங்கிட்ட சொன்னாரு!"

நான் ஓடினேன். அதற்கு முன்னும் பின்னும் நான் ஓடியதாகச் சரித்திரம் இல்லை.

மூணாம் நம்பரில் பனிமூட்டம். மருந்தடிப்பவர்கள் தெரியவில்லை, வாடை மட்டும் வந்தது.

"எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க!"

"என்னா ஐயா, சிறுத்தையா?" என்றார் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த காளியம்மா. மருந்துத் துளி மினுங்கும் கொழுந்து இரண்டு பிடி கூடையில் கிடந்தது. ஈரக் கையில் மடித்த வெற்றிலை, வாய்க்கு ஒரு சாண் தூரத்தில்.

தட்டிவிட்டேன்.

"அடப்பாவி! படிச்ச மனுசன் பொம்பள கைய அடிக்கிறாரே!" என்று கத்தினார்.

"மருந்தும்மா... மருந்து..." காளியம்மா தன் கையையே பார்த்தபடி நின்றார். பிறகு எல்லோரையும் தண்ணீர் கொட்டும் பீலிக்கு இறக்கிக் கை தேய்த்துக் கழுவ வைத்தோம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

ஆபீசில் பெர்ல் புத்தகத்தைப் புரட்டினேன். இரட்டை மேற்கோளுக்குள் $date இருந்தால் அதன் மதிப்பு வந்து உட்காரும். அதே மேற்கோளுக்குள் பேக்ஸ்லாஷும் வெறும் கோடாக இருக்காது. பின்னால் வரும் எழுத்தைக் கட்டளையாக்கிவிடும். \7 என்றால் மணி அடி. பிரிண்டர் சொன்னபடி அடித்திருக்கிறது. ரிப்பன் பாவம்.

\\7 என்று இரண்டாகப் போட்டதும் ஏழு வந்தது. தம்பி தங்கைகளே, மேற்கோளை மாற்றினால் வந்ததை மட்டும் பார்த்துப் பூரிக்காதீர்கள், காணாமல் போனதையும் தேடுங்கள்.

இன்றும் கடையில் ஏதாவது "பீப்" என்றால், பக்கத்தில் நிற்பவரின் கையைத்தான் முதலில் பார்க்கிறேன்.