‘தெரிவிக்கப்பட்டது’ என்று ஒரு டிக்

நல்ல சேதிக்கு எஸ்.எம்.எஸ். தானாகப் போய்விடும், கெட்ட சேதிக்கு மட்டும்தான் எங்கள் ஆபீசில் என்னைப் போல ஓர் ஆள் வேண்டும். மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை வேனில் பேர் எழுதுவதும், அப்புறம் ஃபோன் போடுவதும் என் உத்தியோகம். அடுத்தவர் வீட்டுக்கு ஃபோன் போட்டுப் பிழைக்கிறவர்களே, லோன் வசூலோ பள்ளிக்கூட ஆபீசோ எதுவானாலும் சரி, விஷயத்தைச் சொன்னதும் எதிர்முனையில் குரல் மாறுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கொஞ்சம் என் கூட உட்காருங்கள்.

வலிக்காததற்கு ஒரு படம்

எங்கள் வேனில் இருக்கும் மெஷின் புதிது. படம் எடுத்த பத்தாவது நிமிடத்தில் சந்தேகமான இடத்தில் கம்ப்யூட்டரே வட்டம் போட்டுவிடும். சென்னையில் இருக்கும் டாக்டர் அதைத் தன் திரையில் பார்த்து முடிவு சொல்வார். கையால் தடவினால் அகப்படாத பச்சைப்பயறு அளவுக் கட்டிகூடத் தப்பாது. இத்தனை இருந்தும் பெண்கள் பிரஷர் பார்க்கத்தான் வரிசையில் நிற்பார்கள். கெஞ்சிக் கூத்தாடித்தான் வேனில் ஏற்ற வேண்டும்.

ஜலகண்டாபுரம் பக்கம் ஓர் ஐப்பசியில் அப்படி ஏற்றிய ஆள் சரஸ்வதியம்மா. தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர், புருஷன் இல்லை. நம்பர் கேட்டதற்கு மகன் நம்பரைச் சொன்னார். தனக்கென்று ஃபோன் கிடையாதாம். படம் எடுத்து முடித்ததும் ஜாக்கெட் கொக்கியை மாட்டிக்கொண்டே என்னைக் கேட்டார்: “ஏனுங்க சாமி, எனக்கு ஒரு வலியும் இல்லீங்களே, வலிக்காததுக்கு எதுக்குங்க படம்?”

ரிக் வண்டியிலிருந்து ஒரு குரல்

வட்டம் விழுந்தது. இடது பக்கம், பயறு அளவு. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தால்தான் என்னவென்று தெரியும். அதுவாகவே இருந்தாலும் இந்த அளவில் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, கொஞ்ச நாள் கதிர்வீச்சு கொடுத்தால் போதும் என்றார் டாக்டர். ஊர்க்காரர்கள் அதைக் கரண்ட் வைப்பது என்பார்கள்.

மறுநாளே ஃபோன் போட்டேன். மகன் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருந்தான். பின்னால் ஒரே இரைச்சல். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். அம்மாவிடம் நான் பேச வேண்டும், பக்கத்து வீட்டு நம்பர் கொடு என்றேன். கொடுக்கவில்லை. தங்கைக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தது. பெண்ணின் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று காற்றுவாக்கில் போனாலே மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள் என்று பயந்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான்.

கொடுத்த நம்பரில் பேசிவிட்டால் ‘தெரிவிக்கப்பட்டது’ என்ற கட்டத்தில் டிக் போடலாம் என்பது எங்கள் விதி. போட்டேன். தை கழிந்து இரண்டு முறை கூப்பிட்டபோது “பாத்துட்டிருக்கோம்” என்றான். எனக்கும் அந்தப் பதில் வசதியாகவே இருந்தது. முதல் நாள் அவன் சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது: “கல்யாணம் முடியட்டுங்க்கா, அதுவரைக்கும் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்.”

நாலு செல்வி

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. அங்கே வேலை செய்யும் பெண்கள் அத்தனை பேரும் ஒரே நம்பரைக் கொடுத்திருந்தார்கள், சூப்பர்வைசருடையது. செல்வி என்கிற பெண்ணின் படத்தில் வட்டம் விழுந்திருந்தது. படத்தில் ஒரு சந்தேகம், செல்வியைக் கூப்பிடுங்கள் என்றால் எந்தச் செல்வி என்கிறார். பண்ணையில் நாலு செல்வி. நான் நோட்டைப் புரட்டி வயதைச் சொல்வதற்குள் அவர் ஷெட் முழுக்கக் கேட்கும்படி விஷயத்தைக் கத்திவிட்டார். நாலு செல்வியும் முட்டைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதார்களாம்.

உரிய செல்விக்குச் சீக்கிரமே கட்டியை மட்டும் எடுத்தார்கள். இன்று பழையபடி முட்டை பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். ஊரே கேட்டாலும் சேதி அவள் காதிலும் விழுந்ததே, அதனால் பிழைத்தாள். அந்தச் சூப்பர்வைசர் அன்றைக்கு என்னிடம் சொன்னது: “நாலு பேத்தையும் வண்டி ஏத்தி அனுப்பறேனுங்க, உங்களுக்கு வேண்டியத எடுத்துக்கிட்டு மீதியத் திருப்பி அனுப்பிருங்க.”

பக்கத்து நாற்காலி

படித்தவர்கள் வீட்டில் இப்படியெல்லாம் நடக்காது என்று நினைப்பீர்கள். அஸ்தம்பட்டியில் ஒரு கல்லூரிப் பேராசிரியர், தன் மனைவியை ஆஸ்பத்திரி டாக்டரிடம் கூட்டி வந்திருந்தார். ஃபைலோடு நானும் உள்ளே இருந்தேன். சதைத் துணுக்கைச் சோதித்து, கட்டி எந்த ரகம் என்று பார்த்திருந்தார்கள். இப்போதெல்லாம் ரகத்துக்கு ஏற்ற மருந்து, எல்லாருக்கும் ஒரே கஷாயம் இல்லை. மார்பை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை என்று டாக்டர் காகிதத்தில் வரைந்து காட்டினார். அந்த அம்மா பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று டாக்டர் அவரைப் பார்த்துத்தான் கேட்டார். அவரும் வாயைத் திறந்தார். பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது: “நாப்பத்தாறு வயசாச்சு டாக்டர், இனி அவளுக்கு எதுக்கு அது, மொத்தமா எடுத்துருங்க.”

அடுத்த ஐப்பசி

வேன் மறுபடி ஜலகண்டாபுரம் போனது. வரிசையில் முதல் ஆளாக நின்றவர் சரஸ்வதியம்மா. இந்த முறை யாரும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. மெஷினும் தேவைப்படவில்லை, நெல்லிக்காய் அளவில் கையிலேயே தட்டியது, அக்குளிலும் ஒன்று. நாலு மாதமாகத் தெரியுமாம். ஏன் அப்போதே வரவில்லை என்று கத்திவிட்டேன். போன வருஷம்தான் மெஷினில் பார்த்தார்களே, ஏதாவது இருந்தால் சொல்லியிருக்கமாட்டார்களா என்று நிம்மதியாக இருந்தாராம். எங்களை நம்பித்தான் கட்டியைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறார். நோட்டைத் திறந்து என் டிக்கைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். மகன் அதுவரை அம்மாவிடம் வாயே திறந்திருக்கவில்லை. அவர் வேனை விட்டு இறங்கிப் போனார்.

பிறகு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பார்த்ததில் புற்றுநோய்தான் என்று தெரிந்தது. இனி மாதக்கணக்கில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்க வேண்டும், பிறகு மார்பை எடுக்க வேண்டும், கரண்டும் வைக்க வேண்டும். பிழைப்பாரா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார் டாக்டர். முதல் நாள் மருந்து ஏறும்போது மகன் வண்டியை விட்டுவிட்டு ரயிலில் வந்துகொண்டிருந்தான், மகளுக்கு நிறைமாதம். பக்கத்தில் நான்தான் இருந்தேன். வெட்கத்தை விட்டு மன்னிப்புக் கேட்டேன். சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தைப் பார்த்தபடியே சரஸ்வதியம்மா சொன்னார்: “எம் பையன் சின்னவனுங்க, பயந்துட்டான், நீங்க எதுக்கு சாமி பயந்தீங்க?”

அதற்குப் பிறகு ஆபீசில் சண்டை போட்டு, படிவத்தில் ‘சொந்த நம்பர்’, ‘உறவினர் நம்பர்’ என்று இரண்டு கட்டம் போட வைத்திருக்கிறேன்; இரண்டுக்கும் மகன் நம்பரைத்தான் சொல்கிறார்கள்.