டிரில் மாஸ்டரின் மனைவி

எடை குறைப்புப் போட்டியின் தொடக்க விழாவுக்குக் கொளஞ்சியப்பன் புறப்பட்டபோது, அவர் மனைவி சின்னப்பிள்ளையும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பருத்த உடம்பு. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும்.

"நீ எதுக்கு இந்த வெயில்ல?" என்றார்.

அவள் உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டாள்.

அது எண்பத்து நாலாம் வருடம். பட்டாளத்தில் உடற்பயிற்சி கொடுத்துவிட்டு வந்து, அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தார் கொளஞ்சியப்பன். ரெட்டிபாளையத்துப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலைக் குடியிருப்பில் போட்டி; பயிற்சி கொடுக்க அவரை அழைத்திருந்தார்கள். குடியிருப்பு மன்றத்தின் செயலாளர் தங்கராசு மைக்கைப் பிடித்து அவரை அறிமுகப்படுத்தினார்.

"சாருகிட்ட பழகுனவங்க பனிமலையே ஏறியிருக்காங்க. நம்ம தொந்தி எம்மாத்திரம்?"

கூட்டம் சிரித்தது. மூட்டை நிறுக்கும் தராசில் ஆணும் பெண்ணுமாக ஏறி எடை பார்த்துக்கொண்டார்கள். சின்னப்பிள்ளை அங்கே நின்றிருந்தால் அந்தச் சிரிப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். கூட்டிவராதது நல்லது என்றே தோன்றியது.

சாயங்காலம் காப்பியை வைத்துவிட்டு அவள் கேட்டாள். "எனக்கும் ரெண்டு சொல்லிக் குடுங்களேன். வூட்டுக்குள்ளயே செஞ்சுக்கறேன்."

"பாக்கலாம்" என்றார். அதோடு சரி.

குடியிருப்பில் அவரைப் போலப் பொறுமைசாலி கிடையாது என்று பேர். ஸ்டோர் கிளார்க்கின் மனைவி சுந்தராம்பாள் முதல் வாரம் மைதானத்தில் பாதிச் சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் பக்கத்திலேயே நின்று, "அவசரமில்லம்மா, மூச்சு வாங்கிட்டு வாங்க" என்று தேற்றி நடக்கவைத்தார். கடைசியில் பெண்கள் பிரிவில் ஜெயித்தவளும் அவள்தான். பரிசளிப்பு அன்று, "உங்க வூட்டு அக்கா கையால பரிசு வாங்கணும்னு ஆசை சார்" என்றாள்.

"அவ மீன்சுருட்டிக்குப் போயிருக்கா, அம்மா வூட்டுக்கு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மறுநாளே சுந்தராம்பாள் இனிப்போடு வீடு தேடி வருவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. உள்ளறையில் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவர் காதில் வாசல் பேச்சு விழுந்தது.

"ஊருலேருந்து எப்பக்கா வந்தீங்க? நேத்து நீங்க மீன்சுருட்டியில இருக்கறதா சார் சொன்னாரு."

கதவை முழுசாகத் திறக்கும் சத்தம் கேட்டது.

"இப்பத்தான், காலைல பஸ்ஸுக்கு வந்தேன்" என்றாள் சின்னப்பிள்ளை. "உள்ள வாங்க."

சுந்தராம்பாள் போன பிறகும் சின்னப்பிள்ளை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார். மறுநாள் விடியலில் அவரே கூப்பிட்டார்.

"வா, ரெண்டு பேரும் நடந்துட்டு வரலாம்."

"வேணாங்க. உங்க பேரு கெட்டுரும்." கோபமில்லாமல்தான் சொன்னாள்.

பல மாதம் கெஞ்சிய பிறகு ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்தில்தான் நடந்தாள். எதிரே ஆலைக்குப் போகும் சைக்கிள்கள் தெரிந்ததும் நடையைக் குறைத்துப் பின்தங்கினாள். அவர் நின்றார். அவளும் தள்ளியே நின்றுகொண்டாள், யாரோ வழிப்போக்கரைப் போல.

"வணக்கம் சார். தனியாவா நடக்குறீங்க?" என்று ஒருவன் சைக்கிளிலிருந்து காலை ஊன்றினான்.

"இல்லப்பா, என் வூட்டுக்காரியும் வந்திருக்கா" என்று கை காட்டித் திரும்பினார். அவள் அதற்குள் வந்த வழியே திரும்பி நடந்துகொண்டிருந்தாள்.