பதினேழாம் புள்ளி

விரல்நகம் அளவான வெள்ளிநிற ஒட்டுத்துண்டு அது. லேசர் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதற்காக, அளக்கவேண்டிய பொருளின்மேல் அதை ஒட்டுவோம். மூன்று வருடங்களுக்கு முன், தலைமன்னார்க் கரையில் கவிழ்த்து வைத்திருந்த அத்தானின் ஃபைபர் படகில் இருபத்துநான்கு துண்டுகளை நான்தான் ஒட்டினேன். அத்தான் என் அக்காவின் கணவர். முன்பக்கம் இருந்த அந்தோனியார் படத்துக்குக் கீழேயும் ஒன்றை ஒட்டச் சொல்லி, அவரையும் அளந்து பார் என்று பகிடி விட்டார்.

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் எனக்கு அதுதான் வேலை. ரப்பர்த் தலை கொண்ட சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் அதிர்வு பொருளுக்குள் அலையாக ஓடும். மேற்பரப்பு எவ்வளவு நடுங்குகிறது என்பதைத் திரும்பி வரும் ஒளி சொல்லிவிடும். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய படைகள் பிரிந்திருந்தால் அந்த இடம் மட்டும் வேறு விதமாக அதிரும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தென்மேற்கிலிருந்து வந்து கடலைக் கொந்தளிக்க வைக்கும் சோளகக் காற்றுத் தொடங்க முன்னர் படகின் அடியில் இன்னொரு படை ஃபைபர் போடவேண்டுமா என்று அத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். அளந்து சொல்கிறேன் என்று நானாகத்தான் கருவியை ஊருக்குக் கொண்டுபோனேன்.

இருபத்துமூன்று புள்ளிகள் ஒழுங்காக வந்தன. பதினேழாவது மட்டும் தாறுமாறாக இருந்தது. துண்டின் கீழ் உப்புப் படிந்து சரியாக ஒட்டவில்லை என்று முடிவு கட்டினேன். எங்கள் கரையில் பூட்டு இறுகினாலும் ரேடியோ கரகரத்தாலும் உப்பு என்றுதான் சொல்வோம். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. வேற்றூர்க்காரர் யாராவது அளந்திருந்தால் நல்ல தண்ணீரால் துடைத்து, புதிதாக ஒட்டி, மறுபடி தட்டியிருப்பார். உப்பை எனக்குத் தெரியாதா என்ன. அக்கா நண்டுக்கறி ஆறுகிறது என்று சாப்பிடக் கூப்பிட்டாள். அந்தப் புள்ளியை அழித்துவிட்டு எழுந்தேன்.

அளவுகளைப் போட்டுக் காட்டிய வரைபடத்தை அத்தான் உற்றுப் பார்த்தார்.

"பதினேழிலை ஏன் பிள்ளை ஒண்டும் இல்லை?"

"அது உப்பு, அத்தான். படகு நல்லா இருக்கு."

"நீ சொன்னாச் சரி."

ஃபைபர் போடும் எண்ணத்தை அன்றே விட்டுவிட்டார். லேசர் பிடித்துப் பார்த்த படகு என்று கரை முழுக்கச் சொல்லித் திரிந்தாராம்.

அந்தச் சோளகத்திலேயே படகு கடலில் பிளந்தது. கூடப் போனவரை மற்றப் படகுக்காரர் காப்பாற்றினார்கள். அத்தானின் உடல் மறுநாள் கிடைத்தது. எனக்கு அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அடக்கப் பூசையில் நின்றபடி கோயில் மின்விசிறி எந்த வேகத்தில் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, "நீ அளந்துதானே சொன்னனீ. உன்னிலை ஒரு பிழையும் இல்லை" என்றாள். அதற்கும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. ஒரு கிழமையில் வேலைக்குத் திரும்பினேன். இப்போதும் தினமும் தட்டி அளக்கிறேன்.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போனேன். கரையொதுங்கி, அங்கிருந்து இழுத்து வந்த முன்பாதிப் படகு வேலியோரம் கவிழ்ந்து கிடக்கிறது. அந்தோனியார் வெளிறிப்போய்விட்டார். பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவால் பிளந்த விளிம்பில் பதினேழாம் துண்டு இருந்தது. குந்தியிருந்து அதன் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். நகம் மடிந்தது, துண்டு அசையவில்லை. உப்பின்மேல் ஒட்டியது மூன்று வருட வெயிலுக்கும் கடலுக்கும் நிற்காது. அது அன்றே சரியாகத்தான் ஒட்டியிருக்கிறது.

அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். எழும்பிப் போனேன்.