ஏரி நகர் போர்டு

தாம்பரத்தில் ரயில் ஏறியதும், தினமும் எதிர் சீட்டில் வரும் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கருங்கல் துண்டை எடுப்பார். பாட்டிலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரை அதன்மேல் விட்டு, உள்ளே இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வருவார். அந்தச் சொட்டுக்குள் ஜன்னலும் வானமும் மிதந்துபோகும். நரைத்த புருவம், வெயிலில் கறுத்த கழுத்து. அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளைப் புதைக்க, தண்ணீர் புகாத ஆதிப் பாறையைத் தேடுவது அவர் வேலை.

"எவ்ளோ காலம் சார் உள்ளயே இருக்கணும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"லட்சம் வருஷம். பாறை தாங்கிடும். அப்போ இருக்கிற ஜனங்க தோண்டிடக் கூடாதே, அதான் கவலை. என்ன போர்டு வெக்கிறதுன்னு யோசிச்சிட்டிருக்கோம். உங்க வீடு எங்க?"

"முடிச்சூர் சார், ஏரி நகர். வெள்ளத்துல கீழ்வீடு மொத்தமும் முழுகிடுச்சு."

"அங்க ஏரி இருந்துச்சுன்னு யாரும் சொல்லலையா?"

"வாசல்லயே பெருசா போர்டு இருந்துச்சு. பேரு நல்லா இருக்கேன்னுதான் பிளாட்டே வாங்கினோம்."

அவர் சிரிக்கவில்லை. கிண்டியில் இறங்கும்போது கேட்டார்: "வேற என்ன எழுதியிருந்தா வாங்காம இருந்திருப்பீங்க?"

தினமும் அந்த போர்டைக் கடந்துதான் வீட்டுக்குப் போகிறேன். போகும்போதெல்லாம் மனசுக்குள் அந்தப் பேரை அழித்துவிட்டு வேறு ஏதாவது எழுதிப் பார்க்கிறேன்.