சீலர் அடிக்காத மேசை

என் அக்கா செல்லியம்மாளைப் பற்றி யாராவது "பொழுது போகாம மரத்தைத் தேச்சுக்கிட்டிருக்குது" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படி முதலில் சொன்னவரே அவள் வீட்டுக்காரர் தமிழரசு மாமாதான். திருச்செங்கோட்டில் சொந்தமாக, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரி ஒன்று வைத்திருக்கிறார். வருடத்தில் எட்டு மாதம் வடக்கே போர் போடப் போய்விடுவார்.

அந்த மாதங்களில்தான் அக்கா மரத்துக்குப் பாலீஷ் போடும் தொழிலைக் கற்றுக்கொண்டாள். கொல்லைக் கொட்டகையில் பழைய கட்டில்களில் ஆரம்பித்து, உப்புத்தாள் போட்டுப் போட்டு விரல் ரேகையே தேய்ந்துவிட்டது. மரத்தின் வரிக்குக் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாலும் கலர் ஏறியதும் கீறல் பல்லைக் காட்டும் என்பாள். நாலு வருடம் சொந்தக்காரர்களுக்கு ஓசியில் செய்தாள். ஒருத்தர் வாயிலிருந்தும் நல்ல வார்த்தை வரவில்லை.

போன வருடம்தான் முதல் வெளி ஆர்டர். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு டாக்டரம்மா, விஜயதசமி அன்று மகளை உட்கார வைத்து முதல் எழுத்து எழுத ஒரு மேசை கேட்டிருந்தார். வாகை மரம். முந்தின நாள் ஆயுத பூஜை. அன்று காலையில் பார்த்தபோது தேன் கலர் சீராக ஏறி நன்றாகக் காய்ந்திருந்தது. அதன் மேல் சீலர் அடித்து மரத்தின் சிறு துளைகளை அடைத்துவிட்டு, பிறகு பாலீஷ். சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும்.

ஆனால் சீலர் அடிக்க அவளை யார் விட்டார்கள்? ரிக் ஆட்கள் எட்டுப் பேருக்குச் சுண்டலும் சோறும் ஆக்க வேண்டுமாம். அடுப்படியில் அவள் வெந்துகொண்டிருக்க, மாமா லாரிக்கும் கம்ப்ரசருக்கும் பொட்டு வைத்துவிட்டு, குழைத்த மஞ்சளும் குங்குமமுமாகக் கொட்டகைக்குள் போனார். குரங்கு கையில் பூமாலைதான். மேசை நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு அப்பிவிட்டு வந்து சிரித்தார்.

"ஏம்புள்ள, உன்ற தொழிலுக்கும் பூசை போட்டுட்டேன்."

கல்யாணமாகி இருபது வருடத்தில் அதைத் தொழில் என்று அவர் சொன்னது அன்றுதான். அந்த வார்த்தைக்காக ஏங்கியவள், கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஈர மஞ்சள் மரத்துக்குள் இறங்கிவிட்டிருந்தது. தேய்த்தாள். மஞ்சள் போகவில்லை, கலர்தான் போனது. பலகை முழுவதையும் வெள்ளையாக இழைத்து மறுபடி ஏற்ற மூன்று நாள் வேண்டும். டாக்டரம்மா அன்று மாலையே கடையில் ஒன்றை வாங்கிக்கொண்டார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. மாமாவோ, சாமிக் காரியத்துக்குப் போய் மூஞ்சியைத் தூக்குகிறாளே என்றார். நான் கத்தினேன். அக்கா மறுநாள் கடைக்குப் போய்ப் பெரிய பூட்டு ஒன்று வாங்கி வந்தாள்.

இந்த வருடம் அவளுக்கு மூன்று ஆர்டர். ஆயுத பூஜை அன்று மாமா குங்குமத் தட்டோடு கொட்டகை வாசலில் நின்று, பூட்டைப் பார்த்துவிட்டு, "செல்லி, சாவி கொடு" என்றார்.

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"சாவி எங்கிட்டயே இருக்கட்டுங்க. பொட்டு வேணும்னா பூட்டுக்கு வெச்சுட்டுப் போங்க."